பெயர் ஒன்று, ஆராய்ச்சியாளர் பலர்

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்ட நாள் முதல், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் வட்டாரமாகவே இருந்து வந்துள்ளது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த பின்னர், 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது; எனினும் எல்லைக்கு இருபுறமும் உறவுகளும் பெயர்களும் பிரியவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

உயர் கல்வியில் இவ்வட்டாரம் பெற்றுள்ள வளர்ச்சி குறிப்பிடத்தக்கதாகும். ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-இல் திருப்பதியில் தொடங்கப்பட்டது. பெண்களுக்கென ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இலும், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997-இலும் தோன்றின. கால்நடை மருத்துவத்திற்கும் பொது மருத்துவத்திற்கும் தனி நிறுவனங்கள் உள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் 2015-இல் திருப்பதியில் பணியைத் தொடங்கின. அருகிலுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இயங்கி வருகிறது. வானியற்பியல் முதல் சமஸ்கிருத இலக்கணம் வரை இங்கிருந்து ஆண்டுதோறும் வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏராளம். அவற்றை எழுதியவர் யார் என்பதை உலகம் சரியாக அறிகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

திருப்பதி வட்டாரத்தில் பிறக்கும் குழந்தைகளுள் ஏழுமலையான் பெயரைத் தாங்குவோர் மிகப் பலர். வேங்கடேசன், வெங்கடேஸ்வரலு, ஸ்ரீநிவாசன், ஸ்ரீநிவாசுலு, பாலாஜி, கோவிந்தன், வெங்கடரமணா என ஒரு வகுப்பறையிலேயே பல வடிவங்களைக் காணலாம். இது பக்தியின் அடையாளம். இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுக்கும் தகவல் தளங்கள் பெயரை நோக்குவது வேறு கண்ணோட்டத்தில்.

அத்தளங்கள் மேலைநாட்டு வழக்கப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும், முன்னுள்ளவற்றைச் சொந்தப் பெயராகவும் கொள்கின்றன. தமிழர் எழுதும் முறையில் முதலெழுத்து தந்தையினுடையது. பின் வருவதே சொந்தப் பெயர். எனவே எஸ். வேங்கடேசன் என்பவர் ‘வேங்கடேசன்’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ‘எஸ்’ ஆகிவிடுகிறார். தெலுங்கு வழக்கில் முதலெழுத்து வீட்டுப் பெயரைக் குறிப்பது; இறுதியில் ரெட்டி, நாயுடு, ராவ் போன்ற பட்டம் வரக்கூடும். பி. வெங்கடரமண ரெட்டி என்பவர் அங்கே ‘ரெட்டி, பி. வி.’ எனச் சுருங்குகிறார். அதே சுருக்கத்தில் வேதியியலாரும், இதய நோய் மருத்துவரும், மண்ணியல் வல்லுநரும் வரிசையில் நிற்பர். உண்மையான வீட்டுப் பெயரே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பகுதி. அதுதான் ஓரெழுத்தாகக் குறுகிப் போகிறது! போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் உயிரெழுத்து கூடியும் குறைந்தும் வரும். ஒருவரே இரண்டு கட்டுரைகளில் இரண்டு விதமாகத் தம் பெயரை எழுதியிருத்தலும் உண்டு.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆசிரியர் நியமனத்திலும் பதவி உயர்விலும் வெளியிட்ட கட்டுரைகள் மதிப்பெண்ணாகக் கணக்கிடப்படுகின்றன. வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரின் பெயரைத் தேர்வுக் குழுவினர் தளத்தில் தேடும்போது, அவருடைய ஐந்து கட்டுரைகள் மற்றொருவர் கணக்கில் சேர்ந்திருந்தால் விளக்கம் சொல்ல அவர் அங்கே இருக்கமாட்டார். எதிர்ப்புறமான தீங்கும் உண்டு. பிறருடைய கட்டுரை தம் பட்டியலில் வந்து சேர்வதும், அது பின்னர் பிழையெனத் திரும்பப் பெறப்படுவதும் நேரக்கூடியவையே.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தெலுங்கு மக்களிடையே திருமணத்திற்குப் பின் பெண்ணின் வீட்டுப் பெயர் மாறும். தமிழரிடையே தந்தையின் முதலெழுத்து நீங்கிக் கணவரின் முதலெழுத்து இடம்பெறும். முனைவர் பட்டத்திற்கு முன் எழுதிய கட்டுரைகள் ஒரு பெயரிலும், பின் எழுதியவை மற்றொரு பெயரிலும் நின்றுவிடுகின்றன. ஒருவர் இருவராகப் பிரிகிறார். இருவருமே பாதி உழைப்பாளிகளாகத் தோன்றுகின்றனர்.

ஒருவருக்கு இரு பெயர் இருத்தல் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று என்பதையும் இங்கே சொல்லலாம். திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருவுருவம் ஒன்றை அளித்த பல்லவ குலப் பெண்மணி சாமவையின் தமிழ்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகிறது. அதில் சாமவை என்ற பெயருடன் காடவன் பெருந்தேவி என்ற பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளது. கொடையளித்தவர் யார் என்பதில் பின்வருவோருக்கு ஐயம் எழலாகாது என்ற கவனம் அதில் தெரிகிறது. இன்றைய கட்டுரைத் தளங்களுக்கு இக்கவனம் தாமதமாகவே வாய்த்தது.

பதினாறு இலக்கங்கள்

இக்குறையைப் போக்கும் பொருட்டு, ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கும் முறை 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இதனை நடத்துவது ஆர்கிட் என்னும் இலாப நோக்கற்ற பன்னாட்டு அமைப்பாகும். எண் பெறக் கட்டணம் இல்லை. உறுப்பு நிறுவனங்கள் செலுத்தும் சந்தாவே அமைப்பின் முதன்மையான வருவாய். ஸ்கோபஸ் போன்ற தளங்களும் எழுத்தாளருக்கு எண் இடுகின்றன. ஆனால் அவை கணிப்பொறி ஊகித்து இடும் எண்கள். ஆர்கிட் எண்ணை ஆராய்ச்சியாளரே கேட்டுப் பெறுகிறார். நிறுவனம் மாறினாலும், நாடு மாறினாலும், பெயர் மாறினாலும் எண் மாறாது.

எண்ணில் பதினாறு இலக்கங்கள், நான்கு நான்காகப் பிரித்து எழுதப்படும். பழைய எண்கள் 0000 என்றும், அண்மைக் காலத்தில் வழங்கப்படுபவை 0009 என்றும் தொடங்குகின்றன. எண்ணைப் பார்த்து ஆளின் நாட்டையோ துறையையோ வயதையோ அறிய இயலாது, அவ்வாறே திட்டமிடப்பட்டுள்ளது. முதல் பதினைந்து இலக்கங்களே அடையாளம். பதினாறாவது சரிபார்க்கும் இலக்கம். அதனைக் கணக்கிடும் முறை எளியது. மாணவர் தாளில் செய்து பார்க்கத் தக்கது.

ஆர்கிட் அமைப்பு தானே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தும் எண் 0000-0002-1825-0097. இது ஜொசையா கார்பெரி என்பவருக்கு உரியது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 1929 முதல் வேடிக்கையாகப் போற்றி வரும் கற்பனைப் பேராசிரியர் அவர். விரிசல் விட்ட பானைகளின் உளவியலே அவர் துறை! இடப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் முன்னுள்ள தொகையுடன் கூட்டி, இரண்டால் பெருக்கிக்கொண்டே வரவேண்டும். முதல் ஏழு சுழிகளால் பயன் எதுவும் இல்லை. எட்டாவதான 2 வந்ததும் தொகை 4. அதனுடன் 1 கூட்டி இரட்டித்தால் 10. அவ்வாறே 8 சேர 36, 2 சேர 76, 5 சேர 162. இரண்டு சுழிகளுக்கு இருமுறை இரட்டிக்க 324, 648. இறுதியாக 9 கூட்டி இரட்டித்தால் 1314. இதனைப் பதினொன்றால் வகுக்க மீதி 5. பன்னிரண்டிலிருந்து மீதியைக் கழிக்க 7 கிடைக்கிறது. எண்ணின் கடைசி இலக்கமும் அதுவே. கழித்து வருவது பதினொன்றோ பன்னிரண்டோ ஆயின் பதினொன்றைக் கழித்துவிட வேண்டும்; பத்து ஆயின் ‘எக்ஸ்’ என்ற ரோமன் எழுத்தை இடவேண்டும்.

இப்பொழுது ஒருவர் அவசரத்தில் 1825 என்பதை 1285 என்று மாற்றி எழுதிவிட்டதாகக் கொள்வோம். அதே கணக்கில் தொகை 1122 ஆகும். பதினொன்றால் வகுக்க மீதியே இல்லை. கடைசி இலக்கம் 1 ஆக வேண்டும். தாளில் 7 இருப்பதால் பிழை அங்கேயே பிடிபடுகிறது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறுவதே கையால் எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழை என்பது அஞ்சலகப் பணியாளரும் வங்கி எழுத்தரும் நன்கறிந்தது.

கட்டுரை அனுப்பும்போது

லண்டன் ராயல் சொசைட்டி உள்ளிட்ட சில பதிப்பாளர்கள் 2016 ஜனவரியில், கட்டுரை அனுப்புவோர் ஆர்கிட் எண்ணைத் தருவது கட்டாயம் என்று அறிவித்தனர். இன்று பல இதழ்களில் கடிதத் தொடர்புக்குரிய ஆசிரியரேனும் எண்ணைத் தராவிட்டால் கட்டுரையைச் செலுத்தும் பக்கம் அடுத்த கட்டத்திற்கு நகராது.

இவ்விடத்தில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. எண்ணைக் கையால் தட்டச்சு செய்வது வேறு. இதழின் பக்கத்திலுள்ள இணைப்பின் வழியே ஆர்கிட் தளத்திற்குச் சென்று, கடவுச்சொல்லிட்டு, இதழுக்கு அனுமதி அளித்துத் திரும்புவது வேறு. முதல் முறையில், சரிபார்க்கும் இலக்கம் எழுத்துப் பிழையைத்தான் தடுக்கும். மற்றொருவருடைய சரியான எண்ணை எழுதிவிட்டால் அதனால் எதுவும் செய்ய இயலாது. இரண்டாம் முறையில் எண்ணுக்கு உரியவரே வந்து ஒப்புக்கொண்டதாகிறது. உடன் எழுதியவர்களின் எண்களை முதன்மை ஆசிரியர் நினைவிலிருந்து நிரப்புவது தவிர்க்கப்பட வேண்டும். அவரவர் தம் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பின் மூலம் தாமே உறுதி செய்வதே முறை. ஒருவர் பெயரை அவர் அறியாமலே கட்டுரையில் சேர்க்கும் வழக்கத்திற்கும் இது ஓரளவு தடையாகும்.

கட்டுரை ஏற்கப்பட்டதும், இதழ் அதற்கு டி.ஓ.ஐ. என்னும் நிரந்தரக் குறியீட்டைப் பெறுகையில், ஆசிரியர்களின் ஆர்கிட் எண்களையும் கிராஸ்ரெஃப் பதிவேட்டுக்கு அனுப்புகிறது. ஆசிரியர் ஒருமுறை இசைவளித்துவிட்டால், பின்னர் வெளிவரும் கட்டுரைகள் அவருடைய பதிவில் தாமாகவே வந்து சேரும். பெயர் மாறியவர்கள் முந்தைய பெயரை ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் எழுதலாம். எதை எல்லோரும் காணலாம், எதை நம்பிய நிறுவனங்கள் மட்டும் காணலாம், எது தமக்கு மட்டும் என்பதை அவரவரே முடிவு செய்து கொள்ளலாம்.

நிறுவனப் பெயரிலும் இதே குழப்பம்

ஆளின் பெயரில் உள்ள சிக்கல் நிறுவனத்தின் பெயரிலும் உள்ளது. திருப்பதியில் இது சற்று வேடிக்கையாகவே அமைந்துள்ளது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திருப்பதியில் உள்ளது. ஏறத்தாழ அதே பெயரில் மற்றொன்று உத்தரப் பிரதேசத்தின் கஜ்ரௌலாவில் உள்ளது. வேங்கடேஸ்வரா பெயரிலுள்ள பொறியியல் கல்லூரிகள் திருப்பதியிலும் சித்தூரிலும் இருக்கின்றன. காஞ்சிபுரம் அருகே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒன்று உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கல்லூரியோ திருமலை திருப்பதி தேவஸ்தானத்தாலேயே நிறுவப்பட்டது. ‘எஸ்.வி.’ என்று சுருக்கி எழுதப்படும் முகவரி இவற்றுள் எதைக் குறிக்கிறது என்று வெளிநாட்டுத் தளம் எப்படி அறியும்? தேசிய தரவரிசைக்குக் கட்டுரை எண்ணிக்கை இத்தகைய தளங்களிலிருந்தே எடுக்கப்படுவதால், தவறான முகவரி ஒரு நிறுவனத்தின் உழைப்பை மற்றொன்றின் கணக்கில் ஏற்றிவிடக் கூடும். இதற்கென ஆர்.ஓ.ஆர். எனப்படும் நிறுவனப் பதிவேடு 2019-இல் தொடங்கப்பட்டது. ஆர்கிட் பதிவில் பணியிடத்தை எழுதும்போது, தானே தட்டச்சு செய்யாமல், காட்டப்படும் பட்டியலிலிருந்து ஊர்ப் பெயரைச் சரிபார்த்துத் தேர்ந்தெடுப்பது நலம்.

எண்ணால் ஆகாதது

எண்ணிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்தலும் தவறு. திருப்பதியில் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் ஒருவரின் சுமார் 70 கட்டுரைகள் பிறர் கட்டுரைகளைத் தழுவியவை, சான்றற்றவை என்ற செய்தி 2008-இல் உலக விஞ்ஞான வட்டாரங்களில் பேசப்பட்டது. ஆர்கிட் எண் அன்று இருந்திருந்தாலும் அதனைத் தடுத்திருக்காது. கட்டுரை யாருடையது என்பதைத்தான் எண் சொல்லும். அதில் உள்ளது உண்மையா என்பதைச் சொல்லாது. பதிவு செய்பவர் தம்மைப் பற்றி எழுதுவதையும் அமைப்பு சோதிப்பதில்லை. ஆகவே ஒருவரின் பதிவைப் படிப்போர், அவரே எழுதிய வரி எது, பல்கலைக்கழகமோ பதிப்பாளரோ சேர்த்த வரி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியின் கீழும் மூலம் காட்டப்பட்டிருக்கும். ஆனால் அத்தகைய நிகழ்ச்சியில் பழி உரியவரோடு நிற்கவும், அதே சுருக்கப் பெயர் கொண்ட மற்றவர்மீது படராதிருக்கவும் எண் துணை செய்யும். பெயர் மலிந்த வட்டாரத்திற்கு இது சாதாரணப் பயன் அன்று.

நம் நாட்டில் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் ‘வித்வான்’ என்னும் வல்லுநர் தகவல் தளத்தை நடத்தி வருகிறது; அதிலும் ஆர்கிட் எண்ணை இணைத்துக் கொள்ளலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, சுமார் 13,000 பன்னாட்டு இதழ்கள் அரசு உயர் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது. பெருநகரக் கழகங்கள் படித்த இதழ்களை இனி மாவட்டத்து அரசுக் கல்லூரியும் படிக்கும். படித்தவர்களில் பலர் எழுதவும் தொடங்குவர். அவ்வாறு முதற் கட்டுரையை அனுப்பும் மாணவர் எண்ணைப் பெற்றுக்கொண்டு தொடங்கினால், பின்னர் முப்பது ஆண்டுக் கட்டுரைகளைத் தேடித் தொகுக்கும் தொல்லை இராது.

மூத்த ஆசிரியர்களுக்கு அத்தொல்லை உண்டு. ஆயினும் தாங்க இயலாததன்று. டி.ஓ.ஐ. உள்ள கட்டுரைகளை அக்குறியீட்டைக் கொண்டே சேர்க்கலாம். கல்வெட்டு, இலக்கணம், நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளில் வட்டார மொழி நூல்களாகவும் கருத்தரங்கத் தொகுப்புகளாகவும் வெளிவந்தவற்றுக்கு அக்குறியீடு பெரும்பாலும் இராது. அவற்றைக் கையால் பதிய வேண்டும். தலைப்பைத் தமிழ் எழுத்திலோ தெலுங்கு எழுத்திலோ எழுதத் தடையில்லை. முன்பே எண் பெற்றதை மறந்து இரண்டாவது எண் பெற்றவர்கள், தளத்திலுள்ள வசதியின் மூலம் ஒன்றை மற்றொன்றுடன் இணைத்து விடலாம். நீக்கப்பட்ட எண்ணைத் தேடுவோரும் நிலைத்த எண்ணுக்கே கொண்டு செல்லப்படுவர். பதிவில் கல்லூரி வழங்கிய மின்னஞ்சலை மட்டும் கொடுத்திருப்பவர்கள், ஓய்வு பெறுமுன் சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்துவிட வேண்டும். கல்லூரி முகவரி முடக்கப்பட்ட பிறகு கடவுச்சொல்லை மறந்தால், எண் இருக்கும், கட்டுரைகளும் இருக்கும். திறப்பதற்குத்தான் வழி இராது.