சேவைப் பணிகளின் ஓட்டத்தை வரைபடமாக்கலும் நியமப்படுத்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்: உதவிக் கட்டுரை



பாய்ச்சற் கோட்டுப்படம் என்றவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகின்றது? இரண்டு எண்களைக் கூட்டி விடை காட்டும் படம், அல்லது புள்ளி 35 உம் அதற்கு மேலும் எனில் சித்தி, இல்லையெனில் சித்தியில்லை என்னும் படம். பரீட்சைக்கு இவை அவசியமே. ஆனால் இந்தப் படங்கள் கணினி நிரலுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் என்னும் தம்பதியினர் 1921 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் செயன்முறை வரைபடத்தை முன்வைத்தபோது இன்றைய கணினி இருக்கவில்லை. மனிதர் செய்யும் வேலையைப் படிப்படியாகக் காட்டுவதே அவர்களின் நோக்கம். பிராங்க் கில்பிரெத் இளம் வயதில் செங்கல் அடுக்கும் வேலை பார்த்தவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போவது, ஓர் அலுவலகமோ பாடசாலையோ வழங்கும் சேவையை மென்பொருளின் உதவியுடன் வரைந்து, யார் வந்தாலும் எவர் இருந்தாலும் ஒரே முறையில் நடக்கச் செய்வது எப்படி என்பதாகும். இதனை வணிகச் செயன்முறை மாதிரியமைத்தல் என்பர். "வணிகம்" என்ற சொல்லைக் கண்டு கடை, இலாபம் என எண்ண வேண்டாம். வைத்தியசாலை, தபாலகம், பாடசாலை அலுவலகம் யாவற்றுக்கும் இது பொருந்தும்.

உதாரணம்: தேசிய அடையாள அட்டை விண்ணப்பம்

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த சேவையையே எடுத்துக்கொள்வோம். பரீட்சை மண்டபத்தில் ஆளடையாளத்தை நிரூபிக்க வேண்டியிருப்பதால், பாடசாலை மாணவர் தமது விண்ணப்பத்தை அதிபரின் உறுதிப்படுத்தலுடன் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்புகின்றனர். படிவங்களும் இணைக்க வேண்டிய ஆவணங்களும் காலத்துக்குக் காலம் மாறும். இங்கு நமக்கு முக்கியமானது பணியின் ஓட்டமே.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை வந்துவிட்டது, அவளுக்கு மட்டும் வரவில்லை. பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. தேடிப் பார்த்தபோது அவளது விண்ணப்பம் பாடசாலை அலுமாரிக்குள்ளேயே இருந்தது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் விண்ணப்பத்தில் எழுதிய பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு. எழுதுவினைஞர் அதைச் சரியாகவே கண்டுபிடித்து வேறாக எடுத்து வைத்திருந்தார். வகுப்பாசிரியர், எல்லாம் போய்விட்டது என நினைத்திருந்தார். அதிபர் தன் முன் வைக்கப்பட்டவற்றில் கையொப்பமிட்டிருந்தார். மூவரும் தத்தம் வேலையைச் செய்தே இருந்தனர். ஆனால் "பிள்ளைக்கு அறிவித்தல்" என்பது மூவரில் எவருடைய வேலையும் அல்ல! அவள் தற்காலிகக் கடிதத்துடன்தான் பரீட்சை எழுதினாள். அந்த ஒரு மாதமும் அவளும் தாயாரும் அலைந்த அலைச்சல் படிப்புக்குச் செலவாகியிருக்க வேண்டிய நேரம்.

இதில் யாரைக் குறை சொல்வது? நான் அந்த ஓட்டத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். "ஆவணங்கள் சரியா?" என்ற சாய்சதுரத்திலிருந்து "ஆம்" என ஓர் அம்புக்குறி புறப்பட்டது. "இல்லை" என்ற அம்புக்குறிக்குப் போக இடமே இருக்கவில்லை. உங்கள் விடைத்தாளில் இப்படி வரைந்தால் புள்ளி குறையும். அங்கே ஒரு பிள்ளையின் பரீட்சையே குழம்பப் பார்த்தது.

பி.பி.எம்.என் குறியீடுகள்

வேலை ஓட்டங்களை வரைவதற்கு உலகெங்கும் ஒரே குறியீட்டுத் தொகுதி வேண்டும் என்பதற்காக உருவானதே பி.பி.எம்.என் ஆகும். இதன் முதற் பதிப்பு 2004 இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2011 இல் வந்து, 2013 இல் ஐ.எஸ்.ஓ சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. நீங்கள் படித்த பாய்ச்சற் கோட்டுப்படத்துக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் சில வேறுபாடுகளை அவதானிக்க வேண்டும்.

பாய்ச்சற் கோட்டுப்படத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே வடிவம். பி.பி.எம்.என் இல் மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு. வேலை ஒன்றை மூலை வளைந்த செவ்வகத்தால் காட்டுவர். சாய்சதுரம் இங்கும் உண்டு, அதனை வாயில் என்பர். மாணவர் பெரிதும் தவறுவது இந்த வாயிலில்தான். பாய்ச்சற் கோட்டுப்படத்தில் சாய்சதுரமே "சரியா?" எனச் சோதிக்கின்றது. பி.பி.எம்.என் இல் வாயில் எதையும் சோதிப்பதில்லை. சோதிப்பது ஒரு வேலை, அதைச் செய்வது ஒரு மனிதர். ஆகவே "விண்ணப்பத்தைப் பிறப்புச் சான்றிதழுடன் ஒப்பிடுதல்" என ஒரு செவ்வகம் முதலில் வரவேண்டும். அதன் பின்னரே வாயில், அங்கிருந்து பாதைகள் பிரியும். சிறிய வேறுபாடு போலத் தோன்றினாலும், சோதிப்பதற்கு ஓர் ஆளும் நேரமும் வேண்டும் என்பதை இது நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

வாயிலுக்குள் பெருக்கற் குறி இருந்தால் ஒரு பாதையை மட்டுமே தெரிவுசெய்யலாம். கூட்டற் குறி இருந்தால் எல்லாப் பாதைகளும் சமாந்தரமாக நடக்கும். நிழற்படம் எடுத்தலும் பிறப்புச் சான்றிதழின் பிரதி பெறுதலும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை, எனவே கூட்டற் குறி. வட்டத்துக்குள் மணிக்கூடு வரைந்தால் காலத்துடன் தொடர்புடைய நிகழ்வு.

அடுத்தது ஓடுபாதை. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பாதை ஒதுக்குவோமல்லவா? அதுபோலப் படத்தை நீளப் பிரித்து, வகுப்பாசிரியருக்கு ஒன்று, எழுதுவினைஞருக்கு ஒன்று, அதிபருக்கு ஒன்று என ஒதுக்குவர். இம்மூன்றும் சேர்ந்த பெரிய செவ்வகம் "பாடசாலை" என்னும் களம். மாணவர் ஒரு களம், திணைக்களம் இன்னொரு களம். ஒரே களத்துக்குள் வேலையின் ஒழுங்கைத் தொடர்கோட்டு அம்புக்குறி காட்டும். ஒரு களத்திலிருந்து மற்றதற்குச் செல்வது செய்தி மட்டுமே, அதற்கு முறிகோட்டு அம்புக்குறி.

அஞ்சலோட்டத்தில் வேகமான நால்வர் இருந்தும் தோற்பது பெரும்பாலும் கோல் மாற்றும் இடத்தில். அலுவலகங்களிலும் அவ்வாறே. அம்புக்குறி ஓர் ஓடுபாதையிலிருந்து மற்றதற்குத் தாண்டும் இடங்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுப் பாருங்கள். தாமதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மென்பொருள் என்ன செய்யும்?

மைக்ரோசொப்ட் விசியோ பலருக்கும் தெரிந்த வரைபட மென்பொருள். பிசாகி மொடலர், கமுண்டா மொடலர் ஆகியவற்றை இலவசமாகத் தரவிறக்கலாம். இவற்றிற் குறியீடுகள் ஆயத்தமாக இருக்கும், இழுத்து வைத்து அம்புக்குறியால் இணைக்க வேண்டியதுதான். கலைப் பட்டதாரியான எனக்கே ஒரு பின்னேரத்தில் பிடிபட்டது, உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

வரைவது மட்டுமென்றால் தாளும் பென்சிலும் போதுமே! மென்பொருளின் பயன் வேறு. முதலாவது, இணைப்பு விடுபட்ட வாயில், களத்தைத் தாண்டிய தொடர்கோடு போன்ற பிழைகளை இவற்றுட் பல சுட்டிக்காட்டும். இரண்டாவது, கோப்பைப் பொதுவான வடிவில் சேமித்தால், ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் திறக்கலாம். மூன்றாவது, சில மென்பொருள்களில் ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் நேரத்தைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கலாம். இதனைப் பாவனையாக்கம் என்பர்.

மூன்றாவதைக் கையாலேயே செய்து பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக மட்டும். மூன்று வகுப்புகளில் 40 பேர் வீதம் 120 விண்ணப்பங்கள். ஆசிரியர்கள் அவற்றைச் சேகரித்துக் கொடுக்க, எழுதுவினைஞர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துப் பதிய 6 நிமிடம் எடுக்கிறார்: 120 × 6 = 720 நிமிடம். நான்கில் ஒன்றிற் பிழை எனில் 30 விண்ணப்பங்கள் திரும்பி வந்து மீண்டும் பார்க்கப்பட வேண்டும்: 30 × 6 = 180 நிமிடம். மொத்தம் 900 நிமிடம், அதாவது 15 மணித்தியாலம். நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் ஒதுக்கினாலும் எட்டாம் நாளிற்றான் முடியும்.

இப்போது சரிபார்த்தலை வகுப்பாசிரியரின் ஓடுபாதைக்கு மாற்றுவோம். மாணவர் முன்னிலையிலேயே, அச்சிட்ட ஒரே சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு, ஒன்றுக்கு 5 நிமிடம். மூன்று ஆசிரியரும் சமாந்தரமாகச் செய்வதால், திரும்பி வரும் 10 விண்ணப்பங்களையும் சேர்த்து ஒருவருக்கு 50 × 5 = 250 நிமிடம். எழுதுவினைஞருக்குப் பதிவு மட்டும், 3 நிமிடம் வீதம் 360 நிமிடம், அதாவது 6 மணித்தியாலம். மூன்று நாளில் முடிகின்றது. புதிதாக ஆள் சேர்க்கவில்லை, எவரையும் வேகமாக ஓடச் சொல்லவுமில்லை. ஆசிரியர்களுக்குச் சுமை கூடியது உண்மை. அதை மறைக்காமல் அவர்களுடன் பேசியே தீர்மானிக்க வேண்டும். படம் முடிவெடுப்பதில்லை, பேசுவதற்கு ஒரு பொது இடத்தைத் தருகின்றது.

நியமப்படுத்தல் என்பது இந்தச் சரிபார்ப்புப் பட்டியல்தான். ஓர் ஆசிரியர் பெயரை மட்டும் பார்ப்பது, இன்னொருவர் திகதியை மட்டும் பார்ப்பது என்றில்லாமல், மூன்று வகுப்பிலும் ஒரே விடயங்கள் ஒரே ஒழுங்கில் பார்க்கப்படும். தெரிந்தவரின் பிள்ளைக்கு ஒரு முறை, தெரியாதவரின் பிள்ளைக்கு வேறு முறை என்ற நிலையும் குறையும். எனினும் கவனியுங்கள்: தவறான ஓட்டத்தை நியமப்படுத்தினால் தவறு எல்லோருக்கும் ஒரே சீராகக் கிடைக்கும். எனவே முதலில் வரைய வேண்டியது சுற்றறிக்கையில் உள்ளதை அல்ல, உண்மையில் நடப்பதை. அலுமாரியையும் சேர்த்து வரைய வேண்டும். அதன் பின்னரே திருத்திய படம்.

திருத்திய படத்தில் அந்த "இல்லை" அம்புக்குறி எங்கே போகும்? "பிழையை மாணவருக்கு எழுத்தில் அறிவித்தல்" என்ற செவ்வகத்துக்கு, வகுப்பாசிரியரின் ஓடுபாதையில். அடுத்து மணிக்கூட்டு வட்டம்: 7 நாளுக்குள் திருத்தம் வராவிடின் பெற்றோருக்கு அறிவித்தல். திருத்தம் வந்தால் அம்புக்குறி மீண்டும் ஒப்பிடும் வேலைக்கே திரும்பும். நீங்கள் படித்த மீள்செய்கைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு இதுவே.

விடை எழுதும்போது

பரீட்சையில் உங்களிடம் கேட்கப்படுவது பாய்ச்சற் கோட்டுப்படம், பி.பி.எம்.என் அல்ல. ஆகவே விடைத்தாளில் மூலை வளைந்த செவ்வகங்களை வரைந்து குழப்ப வேண்டாம். ஆனால் பழக்கம் ஒன்றே. பெட்டிக்குள் "அதிபர்" என ஆளின் பெயரை எழுதாமல் "விண்ணப்பத்தை உறுதிப்படுத்தல்" எனச் செயலை எழுதுங்கள். சாய்சதுரத்திலிருந்து புறப்படும் இரு கோடுகளிலும் ஆம், இல்லை எனக் குறியுங்கள். வரைந்து முடித்தபின் "இல்லை" பாதையில் மட்டும் ஒரு தடவை விரலை வைத்துச் சென்று பாருங்கள். விரல் எங்காவது அந்தரத்தில் நின்றால் படம் முடியவில்லை.

பயிற்சி வினா

வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் நோயாளி இலக்கத் துண்டு பெற்று, பதிவுசெய்து, வைத்தியரைச் சந்திக்கிறார். தேவையெனில் இரத்தப் பரிசோதனை செய்து, அறிக்கையுடன் மீண்டும் அதே வைத்தியரிடம் செல்கிறார். இறுதியில் மருந்து பெற்று வெளியேறுகிறார்.

(அ) இதற்குரிய பாய்ச்சற் கோட்டுப்படத்தை வரைக.

(ஆ) பதிவாளர், வைத்தியர், ஆய்வுகூடம், மருந்தகம் என நான்கு ஓடுபாதைகளாகப் பிரித்து மீண்டும் வரைந்து, ஓடுபாதை மாறும் இடங்கள் எத்தனை எனக் கூறுக.

(இ) அறிக்கை வருவதற்குள் வைத்தியரின் கடமை நேரம் முடிந்துவிட்டால் நோயாளி எங்கே செல்வார்? உமது படத்தில் அந்த அம்புக்குறியைச் சேர்த்து, அவருக்கு அதை அறிவிக்க வேண்டியவர் யார் எனக் குறிப்பிடுக.