48 மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

“டொமைனை இணைச்சாச்சு, ரெண்டு நாள் பொறுங்க.” இணையதளம் அமைத்துத் தருபவர்கள் பலர் வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்வதுண்டு. புதிய முகவரி உலகெங்கும் மெல்லப் பரவுகிறது என்ற நம்பிக்கைதான் காரணம்.

உண்மையில் எதுவும் பரவுவதில்லை. டொமைன் பெயருக்குரிய சர்வர் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்த அந்த முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் டிடிஎல் என்ற ஆயுட்காலம் உண்டு. ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை, இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர் அந்த ஆயுள் முடியும்வரை நினைவில் வைத்திருக்கும். முடிந்ததும் மறுபடி கேட்கும். 3600 விநாடி என்றால் ஒரு மணி நேரம், 300 என்றால் ஐந்தே நிமிடம். தளத்தை மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்-ஐ 300-ஆகக் குறைத்துவைத்தால், பெரும்பாலானோருக்குப் புதிய தளம் சில நிமிடங்களில் திறக்கும். டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றும்போதுதான் கணக்கு நீளும். டாட் காம் பதிவேடு அந்த விவரத்துக்குக் கொடுத்திருக்கும் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது சரியாக இரண்டு நாள். மற்ற மாற்றங்களுக்கும் அதே கெடுவைச் சொல்வதில் பெரிய கேடு இருக்கிறது: பதிவில் ஓர் எண் தப்பாக விழுந்திருந்தாலும், எல்லாரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

டொமைனையே ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றியாக வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. தேவையே இல்லை. கிட்ஹப் பேஜஸில் தளம் வைத்திருப்பவர், டொமைன் வாங்கிய இடத்திலேயே 185.199.108.153 முதலான எண் முகவரிகளைக் காட்டும் நான்கு ஏ ரெக்கார்டுகளைச் சேர்த்து, கிட்ஹப் அமைப்பிலும் டொமைன் பெயரைப் பதிந்தால் போதும். சப்டொமைனுக்கு ஒரு சிநேம், அதாவது இன்னொரு பெயரைச் சுட்டும் பதிவு. அதே சிநேமை முன்னொட்டு இல்லாத மூல டொமைனுக்கும் போடலாம் என்று நினைப்பதுதான் தவறு. சிநேம் உள்ள பெயரில் எம்எக்ஸ் போன்ற வேறு பதிவுகள் இருக்கக் கூடாது என்பது 1987-ஆம் ஆண்டு விதி. எம்எக்ஸ் இல்லாவிட்டால் மின்னஞ்சல் வந்துசேரும் வழி போய்விடும்.

அடுத்ததுதான் உண்மையிலேயே ஆபத்தானது: கிளவுடில் தளத்தை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நினைப்பு. சிநேம் இன்னும் அந்தப் பழைய கிளவுட் முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். சில சேவைகளில் காலியான அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும். பிறகு நிறுவனத்தின் சொந்த முகவரியிலேயே அவர் போலி உள்நுழைவுப் பக்கம் நடத்தலாம். பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழையும் லெட்ஸ் என்கிரிப்டிடம் இலவசமாகப் பெறலாம். முகவரியைப் பார்த்து நம்பும் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. அதனால் முதலில் டிஎன்எஸ் பட்டியலிலிருந்து சிநேமை நீக்க வேண்டும். தளத்தை அழிப்பது அதற்குப் பிறகுதான்.