சர்வரைப் புதுப்பிக்கும் பிள்ளைகளுக்கு

சென்னை அசோக் நகரில் நூறடிச் சாலைச் சந்தடியை விட்டு உள்தெருவுக்குள் நுழைந்தால் மாடிக்கு மாடி சிறிய அலுவலகங்கள். இப்படிப்பட்ட இடங்களில் பில்லும் கணக்கும் ஓடுகிற லினக்ஸ் சர்வர் பெரும்பாலும் கல்லூரி முடித்து வந்த ஒரு பிள்ளையின் பொறுப்பில் விடப்படுகிறது. "ஓடுறதைத் தொடாதே" என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரை. அதை நான் ஏற்கவில்லை. வருடக்கணக்கில் தொடாத சர்வரை ஒரே இரவில் புதுப்பிக்கப் போகும்போதுதான் எல்லாம் உடைகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, என்ன மாறுகிறது என்று தெரிந்து புதுப்பியுங்கள்.

1. சர்வருக்கு டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ் போன்ற நிதானமான பதிப்பு போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டப்பட்டதுதான். 2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று இருப்பது வெளிப்பட்டது. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட். டெபியனின் சோதனைக் கிளை வரை அது வந்துவிட்டது; ஸ்டேபிளுக்குள் வரவில்லை. புதியதை முதலில் பிடிக்கும் ஆசை உங்கள் லேப்டாப்போடு நிற்கட்டும்.

2. ஆப்ட் காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். 'ஆப்ட் அப்டேட்' விவரங்களை மட்டும் கொண்டுவரும். 'அப்கிரேடு' எதையும் நீக்காமல் புதுப்பிக்கும். 'ஃபுல்-அப்கிரேடு' தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். நீக்கப்படும் வரிசையில் உங்கள் டேட்டாபேஸின் பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காரணம் புரியும்வரை தொடர வேண்டாம்.

3. ரெஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் செய்தால் டிமக்ஸுக்குள் செய்யுங்கள். ஐப்பசி மழையில் உங்கள் வீட்டு பிராட்பேண்ட் அறுந்தாலும் அங்கே அப்கிரேடு பாதியில் சாகாது. தொடங்கும் முன் 'டிஎஃப்' போட்டு பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கெர்னல்கள் அதை நிறைத்துவிடும்.

5. நடுவில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் திருத்திய கான்ஃபிக் ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா? அவசரத்தில் 'ஒய்' தட்டினால் புதிய ஃபைல் வந்து உட்கார்ந்து, மாதக்கணக்கில் செய்த திருத்தம் செயல்படாமல் போய்விடும். முதலில் 'டி' தட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரிவரியாகக் காட்டும்.

6. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். டிஸ்கில் லைப்ரரி புதிதாகிவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் மெமரியில் பழையதையே பிடித்திருக்கும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரிந்தபோது டெபியன் திருத்தத்தை உடனே கொடுத்தது. ஆனால் வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவரை கதவு திறந்தேதான் இருந்தது. 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி எந்தெந்த சர்வீஸ் பழையதைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும், அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். கெர்னல் மாறினால் ரீபூட் தவிர எளிய வழியில்லை. இன்னொன்று: அன்று டெபியன் கொடுத்த திருத்தத்துக்குப் பிறகும் ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு எண் 1.0.1இ என்றே இருந்தது. திருத்தத்தைப் பழைய பதிப்புக்குள்ளேயே தைத்துக் கொடுப்பது ஸ்டேபிளின் முறை. எண்ணை மட்டும் பார்த்து, ஊர்பேர் தெரியாத ரெப்போவிலிருந்து புதியதை இறக்காதீர்கள்.

7. நாள் பாருங்கள். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் ஆடிட்டர் அலுவலகத்தில் 19-ஆம் தேதி ரீபூட் கேட்காதீர்கள். தி. நகர் கடைக்கு வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு முன் பெரிய மாற்றம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்கு அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் திருத்தம் 2017 மார்ச்சிலேயே கிடைத்தது. போடாமல் விட்ட ஓட்டை வழியாக மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. 'அனட்டெண்டெட் அப்கிரேட்ஸ்' பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுவிடும். ஆனால் நீங்கள் சொல்லாமல் அது ரீபூட் செய்யாது; அது உங்கள் வேலை.

8. தேதி, என்ன போட்டீர்கள், எதை ரீஸ்டார்ட் செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆப்டின் ஹிஸ்டரி லாக் எது மாறியது என்று சொல்லும். ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களுக்குப் பின் வரும் பிள்ளைக்கு அது வேண்டும்.

9. பதிப்புக்கும் ஆயுள் உண்டு. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2021 டிசம்பரோடு முடிகிறது என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்தது. ஒரே வருட அவகாசம். சென்ட்ஓஎஸ் 7-ம் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. உங்கள் அலுவலகத்தில் அது இன்னும் ஓடுகிறதென்றால் முதலாளியிடம் இந்த வாரமே பேசுங்கள்; அல்மா லினக்ஸுக்கோ டெபியனுக்கோ மாறும் தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.