டைமரும் ஓட வேண்டும், இன்புட்டும் வர வேண்டும்

ஒரு வினாடி வினா புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 10 வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். நேர்காணலில் கேட்க இதைவிடத் தோதான கேள்வி கிடைப்பது அரிது. முப்பது நாற்பது வரிகளில் முடிந்துவிடும். ஆனால் இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் சரியாக எழுத முடியாது. கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள் இதை ஒருமுறையாவது சொந்தமாக எழுதிப் பார்த்துவிடுங்கள்.

முதலில் தோன்றும் வழி இதுதான்: தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது, இன்புட் வாங்குவது, பிறகு எத்தனை வினாடி ஆனது என்று கழித்துப் பார்ப்பது. பயனர் ஐந்து நிமிடம் யோசித்தாலும் இந்தப் புரோகிராம் பேசாமல் இருக்கும். அவர் என்டர் தட்டிய பிறகுதான் ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லும். நேரத்தை அளந்தாயிற்று, வரம்பு போடவில்லை. பைத்தானின் த்ரெடிங் டைமரைப் போட்டாலும் இதே கதைதான். பத்தாவது வினாடியில் அறிவிப்பு வரும், ஆனால் இன்புட் வரி நகராமல் அங்கேயே நிற்கும்.

காரணத்தைச் சொல்லத் தெரிந்தால் பாதி மதிப்பெண் உங்களுக்கு. இன்புட் கேட்டதும் கெர்னல் அந்த த்ரெடைத் தூங்க வைத்துவிடுகிறது. டெர்மினலோ, வழக்கமான நிலையில், என்டர் தட்டும் வரை எழுத்துகளைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. பயனர் பாதி வார்த்தை அடித்திருப்பதுகூடப் புரோகிராமுக்குத் தெரியாது. தூங்கும் த்ரெட் தானாக மணி பார்க்காது. ஆகவே, இன்புட் வந்தாலும் எழுப்பு, நேரம் முடிந்தாலும் எழுப்பு என்று கெர்னலிடமே சொல்லிவிட வேண்டும்.

லினக்ஸிலும் மேக்கிலும் அதற்கென்றே செலக்ட் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது. 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. கீபோர்டு இன்புட்டையும் 10 வினாடிக் கெடுவையும் அதனிடம் கொடுத்தால் எது முதலில் நடக்கிறதோ அதைச் சொல்லும். காத்திருக்கும் நேரத்தில் சிபியு வீணாகாது. திரையில் மீதி வினாடி ஓட வேண்டுமா? ஒவ்வொரு வினாடியாகக் கெடு கொடுத்து லூப்பில் அழையுங்கள். ஆனால் லூப் சுற்றியதை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள். முடிவு நேரத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு, அதிலிருந்து கழியுங்கள். அதற்கும் சுவர்க் கடிகார நேரம் வேண்டாம், யாராவது திருத்தினால் அது முன்பின் நகரும். பைத்தான் 3.3 முதல் டைம் மாட்யூலில் மோனோடோனிக் என்ற கடிகாரம் இருக்கிறது. அது பின்னோக்கிப் போகாது.

விண்டோஸில் செலக்ட் நெட்வொர்க் சாக்கெட்டுகளுக்கு மட்டும்தான். அங்கே விசை அழுத்தப்பட்டதா என்று கேபிஹிட் என்ற ஃபங்ஷனைக் கொண்டு பார்த்துப் பார்த்து, நடுவில் சிறிது ஸ்லீப் கொடுக்க வேண்டும். ஸ்லீப்பை விட்டுவிட்டால் ஒரு கோர் முழுதும் அதிலேயே போகும். எனவே கோடு எழுதும் முன் ‘லினக்ஸா, விண்டோஸா?’ என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே உங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இரண்டிலும் ஓட வேண்டும் என்றால் த்ரெட். இன்புட் வாங்குவதைத் தனி த்ரெடில் விட்டு, வரும் வரியை ஒரு க்யூவில் போடச் சொல்லுங்கள். மெயின் த்ரெட் அந்த க்யூவில் 10 வினாடி மட்டும் காத்திருக்கட்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் புது த்ரெட் தொடங்கினால், முதல் கேள்விக்குப் பதில் வராமல் நேரம் முடிந்த பிறகும் பழைய த்ரெட் இன்புட்டில் மாட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாம் கேள்விக்கு அடிக்கும் பதிலை அது விழுங்கிவிடும். புரோகிராம் முழுவதற்கும் ஒரே ஒரு வாசிப்பு த்ரெட் போதும். அதை டீமன் ஆக்குங்கள், இல்லாவிட்டால் வினாடி வினா முடிந்தும் புரோகிராம் மூடாது. அடுத்த கேள்வியைக் காட்டும் முன், தாமதமாக வந்த வரிகளை க்யூவிலிருந்து எடுத்து எறியுங்கள்.

இன்னொரு கண்ணி, பாதி அடித்த வார்த்தை. நேரம் முடியும்போது பயனர் ‘மது’ என்று அடித்திருந்தால், அது டெர்மினலிலேயே தங்கி அடுத்த பதிலோடு ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் டிசிஃப்ளஷ் என்ற ஃபங்ஷன் அதைத் துடைத்துவிடும். கேட்காமலே இதைக் குறிப்பிடுகிறவரை நான் என்றால் அடுத்த சுற்றுக்கு அனுப்புவேன்.

பேஷ் ஸ்கிரிப்ட் என்றால் இத்தனையும் வேண்டாம். ரீட் கட்டளைக்கு டி என்ற ஆப்ஷனோடு 10 என்று கொடுத்தால் முடிந்தது.

வேலையில் சேர்ந்த பிறகு இதே பிரச்சினை ஓடிபி பக்கமாகவும் ஆன்லைன் தேர்வாகவும் வரும். அங்கே பிரவுசரில் ஓடும் டைமர் பயனருக்குக் காட்டுவதற்குத்தான். கெடு முடிந்ததா என்பதைச் சர்வர்தான் தீர்மானிக்க வேண்டும். பிரவுசரில் இருப்பதை யாரும் மாற்றிவிடலாம்.

டிசைன் கூட்டத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: இந்தக் கெடு அவசியம்தானா? 2008இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல் வழிகாட்டி இதற்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. கெடுவை நிறுத்தவோ மாற்றவோ நீட்டிக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். நீட்டிப்பு என்றால், முடியும் முன் எச்சரித்து, குறைந்தது 20 வினாடி அவகாசம் தந்து, ஒரு விசையை அழுத்துவது போன்ற எளிய செயலால் பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். ஏலம் போன்ற நிகழ்நேர வேலைகளுக்கும், கெடு இல்லாமல் நடக்கவே முடியாதவற்றுக்கும் விலக்கு உண்டு. கை நடுங்குகிறவர்களும், ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கிறவர்களும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கும் முதியவர்களும் நம் பயனர்கள்தான். அந்த நீட்டிப்புப் பட்டனை அடுத்த ரிலீசுக்குத் தள்ளாமல் முதல் வெர்ஷனிலேயே வையுங்கள்.