மலையூர் மாணவியின் வாக்கு

கீழ்ப் பழனிமலையில், காப்பித் தோட்டங்களுக்கு இடையே அமைந்த சிற்றூர் ஆடலூர். அவ்வூரிற் பிறந்த மாணவி ஒருத்தி சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரியிற் பயில்கின்றாள் எனக் கொள்க. 18 வயது நிரம்பிய அவள் தன் வாக்கை எங்கே அளிப்பாள்?

பெற்றோர் வாழும் ஊரிலேனும் விடுதி உள்ள இடத்திலேனும் அவள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். ஈரிடத்தும் பதிதல் சட்டத்திற்கு மாறாகும். இத்தெரிவு எளிதன்று. ஆடலூரில் பதிவாளாயின், வாக்களிக்க அங்கேயே வருதல் வேண்டும். படைவீரர்க்கும் தேர்தற் பணியாளர்க்கும் உள்ள அஞ்சல் வாக்கு மாணவர்க்கு இல்லை. தேர்வு நெருங்கிய வேளையாயினும் இரவெல்லாம் பயணம் செய்து மலையேற வேண்டியதே. விடுதியருகே பதிந்தால் நடந்து சென்று வாக்களிக்கலாம். ஆனால், அங்கு வெற்றி பெறுவோர் ஆடலூர் மலைப்பாதையைக் கண்ணாலும் காணார். எங்கும் பதியாமலே கல்லூரி நாளைக் கழித்துவிடுவாரும் உளர்.

கி.பி. 921ஆம் ஆண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விரித்துரைக்கின்றது. 35 வயதிற்குக் குறைந்தார் பெயர் அக்குடத்துள் இடப்படவில்லை. இளையோர்க்கு வாய்த்த பங்கெல்லாம், ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுத்ததே! 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 21 வயது நிரம்பியோர்க்கு வாக்குரிமை நல்கிற்று. 61ஆம் திருத்தம் அதனை 18 ஆக்கிற்று; அது 1989 மார்ச்சு 28ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில் நடந்த மக்களவைத் தேர்தலில் கல்லூரி மாணாக்கர் பலர் முதன்முறையாக வாக்களித்தனர்.

இந்நாளில் 17 வயது நிரம்பியோரும் ஆறாம் எண் படிவத்தை முன்னதாகவே அளிக்கலாம். அம்மாணவிக்குப் பன்னிரண்டாம் வகுப்பிற் பயிலும் தம்பி ஒருவன் இருப்பானாயின், அவன் அப்படிவத்தை ஆடலூரிலிருந்தே நிரப்பிவிடலாம்.