மொழிபெயர்க்க வரும் பிள்ளைகளுக்கு

ஜொகூரில் மொழிபெயர்ப்பு என்றால் பெரும்பாலும் கதையும் கவிதையும் அல்ல. மருந்து உறை, பள்ளிச் சுற்றறிக்கை, கோயில் அறிவிப்பு, காப்புறுதிப் படிவம், கோர்ட்டு சம்மன். ஆங்கிலத்திலோ மலாயிலோ வருவதைத் தமிழாக்கித் தரச் சொல்வார்கள். எளிய சொற்கள்தானே என்று உட்காருவீர்கள். அந்த எளிய சொற்களில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பவை இவை.

1. படிக்கிறவர் படித்து முடித்ததும் என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

ஆங்கிலத்தில் 'டேக் மெடிசின்' என்பார்கள். மலாயில் 'அம்பில் ஊபாட்'. அதைப் பார்த்து 'மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிடுகிறோம். நம் பக்கத்தில் 'மருந்து எடுத்தாச்சு' என்றால் கிளினிக் கவுண்டரில் வாங்கியாகிவிட்டது என்று பொருள். குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பாட்டியிடம் தாதி, "மருந்து எடுத்தீங்களா பாட்டி?" என்று கேட்டால், "எடுத்தேன்மா" என்பார். அவர் சொல்வது உண்மைதான். மருந்து அலமாரியில் பத்திரமாக இருக்கும். ரத்த அழுத்தம் மட்டும் இறங்கியிருக்காது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும்.

மருந்து உறையையும் பாருங்கள். 'இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று முறை' என்று மலாயில் அச்சிட்டிருக்கும். அதை 'தினமும் மூன்று முறை இரண்டு மாத்திரைகள் உட்கொள்ளவும்' என்று எழுதினால் தமிழில் பிழையில்லை. ஆனால் கண் மங்கிய ஒருவர் அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 'காலையில் 2, மத்தியானம் 2, ராத்திரி 2.' இப்படி எழுதுங்கள். மூலத்தில் காலை, ராத்திரி என்ற சொல்லே இல்லையே என்று யாராவது கேட்டால், மருந்தாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு எழுதுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் உங்கள் ஊகத்துக்கு இடமில்லை.

2. மரபுத்தொடருக்கு நேர்ச் சொல் தேடாதீர்கள். அதைச் சொல்லும் சந்தர்ப்பத்தைத் தேடுங்கள்.

வெள்ளைக்காரர் பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்பார். நமக்கு 'கொட்டித் தீர்க்குது'. அவர் ஒரே கல்லில் இரண்டு பறவை அடிப்பார். நாம் இரண்டு மாங்காய் அடிப்போம். மலாய்க்காரர் முக்குளித்தபடியே தண்ணீரும் குடித்துக்கொள்வார். இதெல்லாம் எவருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது சொல்லின் தரம், எந்த இடத்தில் எது பொருந்தும் என்பது. 'கிக் தெ பக்கெட்' என்பதற்கு 'மண்டையைப் போட்டான்' சரியாகப் பொருந்தும், ஆனால் இரங்கல் கடிதத்தில் இரண்டுமே வரக்கூடாது; அங்கே 'காலமானார்', 'இறைவனடி சேர்ந்தார்'. 2010 ஜனவரியில் ஜொகூர் சுல்தான் இஸ்கந்தர் மறைந்தபோது மலாய்ச் செய்திகள் 'மங்காட்' என்றன. அது அரச குலத்தாருக்கே உரிய சொல். அதை வெறும் 'மரணம்' என்று தமிழில் எழுதினால் பொருள் வரும், மரியாதை வராது.

அடுத்தது 'ஐ மிஸ் யூ'. 'உன்னை இழக்கிறேன்' என்று இயந்திரம் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு மாசாய் வீட்டிலிருந்து அம்மா என்ன சொல்வார்? "கண்ணு உன்னைத் தேடுதுப்பா." அகராதியில் 'மிஸ்' என்ற சொல்லுக்கு எதிரே 'தேடு' என்று இருக்காது. உங்கள் வீட்டில் இருக்கும்.

3. முன்ஷி அப்துல்லாவைப் படியுங்கள்.

மலாக்காவில் பிறந்தவர், தமிழ் வழியும் அரபு வழியும் கலந்த குடும்பம். வணிகரோடு பேசவும் கணக்கெழுதவும் தமிழ் வேண்டும் என்பதால் சிறுவயதிலேயே அவரைத் தமிழ் படிக்க வைத்தார்கள். 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனார். 1849இல் அச்சில் வந்த தன்வரலாற்றில், தாம்சன் என்ற பாதிரியாரோடு மொழிபெயர்ப்பு பற்றி நடந்த வாக்குவாதங்களைச் சொல்கிறார். தாம்சனின் மொழிபெயர்ப்பில் சொற்கள் எல்லாம் மலாய், வாக்கியம் மட்டும் ஆங்கிலம். அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கு நம் சுற்றறிக்கைகளிலும் அதே நோய். 'விபத்து ஒன்று இடம்பெற்றது', 'உங்கள் விண்ணப்பம் எங்களால் பரிசீலிக்கப்பட்டு வருகிறது.' விபத்து நடந்தது. விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இவ்வளவுதானே?

4. ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லை நம்பாதீர்கள்.

கப்பல், கடை, பெட்டி, கட்டில் எல்லாம் மலாய்க்குப் போய் அதே பொருளில் இருக்கின்றன. 'சும்மா' போனது, 'சுமா' ஆனது, பொருளும் நகர்ந்தது: மலாயில் அதற்கு 'மட்டும்' என்று அர்த்தம். 'சுமா 5 ரிங்கிட்' என்று விளம்பரத்தில் இருப்பதைச் 'சும்மா 5 ரிங்கிட்' என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். '5 ரிங்கிட்தான்' என்பது சரி. அதிலிருந்து பிறந்த 'பெர்சுமா'வுக்கு 'இலவசம்' என்று பொருள். சும்மா கொடுப்பது என்ற நம் பேச்சுக்கு அது கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது.

5. 'ப்ளீஸ்' வரும் இடமெல்லாம் 'தயவுசெய்து' போடாதீர்கள்.

'உள்ளே வாங்க', 'கொஞ்சம் நகருங்க' என்பதிலேயே பணிவு இருக்கிறது.

6. நம் ஊர்ச் சொல்லுக்காக வெட்கப்படாதீர்கள்.

பசியாறுதல், செம்பனை, பால்மரம், கம்பம், குடிநுழைவுத் துறை, மந்திரி பெசார். சென்னையில் சிலருக்குப் புரியாமல் போகலாம். சிகாமட்டில் படிப்பவருக்கு எழுதும்போது சென்னையை ஏன் நினைக்க வேண்டும்? காலையில் பசியாறும் மக்களுக்கு 'சிற்றுண்டி உட்கொள்ளவும்' என்று எழுதுவது அவர்களை அந்நியராக நடத்துவது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

7. புதுச்சொல் கட்டுவதற்கு முன் அது யாருக்கு என்று கேளுங்கள்.

நம் மண்ணில் சொல்லாக்கம் பெரிய வேலையாக நடந்திருக்கிறது. மலாய்க்கு நவீனச் சொற்களை உருவாக்கித் தந்த டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1956 ஜூனில் இதே ஜொகூர் பாருவில்தான் தொடங்கியது. மறுவருடம் கோலாலம்பூருக்கு மாறியது. தமிழிலும் இணையம், மின்னஞ்சல் போன்றவை நிலைத்துவிட்டன. வாட்ஸ்அப்பைப் 'புலனம்' என்று எழுதுவது இங்கே பரவியிருக்கிறது. பள்ளி மலரில் தாராளமாக எழுதுங்கள். கிளினிக் அறிவிப்பில் வாட்ஸ்அப் என்றே போடுங்கள், முதியவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடக்கூடாது.

கடன் சொல்லை எடுத்தால் அதை நம் நாக்குக்குப் பழக்குங்கள். இருபது லட்சம் பேர்கூட இல்லாத லாத்வியாவில் வெளிநாட்டார் பெயரையும் தங்கள் ஒலிக்கேற்ப எழுதி, தங்கள் விகுதியையும் சேர்க்கிறார்கள். ஜார்ஜ் அங்கே 'ஜோர்ஜ்ஸ்' ஆகிவிடுவார். ஐரோப்பிய ஒன்றியம் 'யூரோ' என்றே எழுதச் சொன்னபோதும் அவர்கள் 'எய்ரோ' என்று சொல்வதற்காக வாதாடினார்கள். பஸ்ஸையும் காரையும் 'பஸ்ஸு', 'காரு' என்று சொன்ன நம் தாத்தாக்கள் செய்ததும் அதுதான்.

8. நாளையும் நேரத்தையும் ஒருபோதும் பொதுச்சொல்லில் விடாதீர்கள்.

'வீக்கெண்ட்' என்றால் 'வார இறுதி' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். 2014 ஜனவரியிலிருந்து 2024 முடியும்வரை ஜொகூரில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு வேலை நாள். அப்போது கோலாலம்பூரில் தயாரித்த அறிவிப்பில் 'வார இறுதியில் முகாம்' என்று இருந்தால் அது அவர்களுக்குச் சனியும் ஞாயிறும், இங்குள்ள பள்ளிப் பிள்ளைக்கு வெள்ளியும் சனியும். தனியார் நிறுவனத்தில் சனி, ஞாயிறு விடுமுறை உள்ள அப்பாவும், வெள்ளி, சனி விடுமுறை உள்ள பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டோம். கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் இன்றும் வெள்ளி, சனிதான். 'அடுத்த வெள்ளி' என்பதிலும் இதே தகராறு. ஒருவருக்கு வருகிற வெள்ளி, இன்னொருவருக்கு அதற்கு அடுத்தது. ஆகவே அமைப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எந்த நாள் என்று கேளுங்கள். கேட்டபின் 'வார இறுதி' என்பதை அடித்துவிட்டு, 'சனிக்கிழமை, 14ஆம் தேதி, காலை 9 மணி' என்று எழுதுங்கள்.