ராகிங் எனப்படுவது யாது?

கல்வியாண்டு தொடங்குந்தோறும் இலட்சக்கணக்கான மாணவர் நாட்டின் கல்லூரிகளில் புதிதாகச் சேருகின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுவோர் இவர்களுள் பலர். நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் பெற்றோர் செய்யும் செலவு ஒருபுறம். கல்விக்கென அரசு ஒதுக்கும் நிதி மறுபுறம். விடுதியில் நேரும் கொடுமையால் ஒரு மாணவர் படிப்பைக் கைவிடுவாராயின் இவ்விரு முதலீடுகளும் வீணாகின்றன. சில வேளைகளில் உயிரே பலியாகியுள்ளது. ஆகவே, எது ராகிங், எது அன்று என்பதை மாணவரும் பெற்றோரும் ஐயமற அறிதல் இன்றியமையாதது.

சட்டத்தின் வளர்ச்சி

1996ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கின் விளைவாகக் கொலையுண்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப் பெற்றது. இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்குமான நெறிகளை வகுத்தது. 2006இல் அந்நீதிமன்றம் ஆணையிட்டதன் பேரில், ஆர்.கே. ராகவன் தலைமையில் அமைந்த குழு மறு ஆண்டு அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மூத்த மாணவர்கள் தாக்கியதில் மற்றொரு மருத்துவ மாணவர் உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் ஒழிப்பு விதிமுறைகளை வெளியிட்டது.

எவையெவை ராகிங்?

அடித்தலும் ஆடை களைதலும் பாலியல் துன்புறுத்தலும் மட்டுமே ராகிங் என்பது பரவலான தவறான எண்ணம். விதிமுறைகளின் வரையறை இதனினும் விரிவானது. பேச்சாலோ எழுத்தாலோ இழிவுபடுத்துதல், இயல்பாகச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி நாணச் செய்தல், படிப்புக்கு இடையூறு விளைத்தல், மூத்தவரின் பாட வேலைகளைப் புதியவரைக் கொண்டு முடித்துக் கொள்ளுதல், பணம் பறித்தல், வற்புறுத்திச் செலவு செய்ய வைத்தல் ஆகிய யாவும் ராகிங்கே. செய்முறைப் பதிவேட்டை எழுதித் தரச் சொல்வதும், சிற்றுண்டிச் செலவைப் புதியவர் தலையில் சுமத்துவதும் இதில் அடங்கும். சாதி, மதம், நிறம், பால், மொழி, பிறந்த இடம், பொருளாதார நிலை முதலியவற்றைக் காட்டித் துன்புறுத்துவது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

நோக்கமா, விளைவா?

“விளையாட்டுக்காகச் செய்தோம்” என்பது வழக்கமான சமாதானம். விதிமுறைகளின்படி இது செல்லாது. புதியவரின் மன நலத்தையும் தன்னம்பிக்கையையும் பாதிக்கும் செயல், தீய நோக்கம் இருப்பினும் இல்லாவிடினும் ராகிங்கே ஆகும். “அவரே இசைந்தார்” என்னும் வாதமும் வலுவற்றது. அறிமுகமில்லாத ஊரில், மறுத்தால் என்ன நேருமோ என்னும் அச்சத்தில் பிறக்கும் இசைவு உண்மையான இசைவாகாது. செய்தவரின் எண்ணத்தை அன்று, பட்டவரின் நிலையையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். பிறர் துன்புறுவதை நின்று பார்த்து மகிழ்வதும் வரையறைக்கு உட்பட்டதே.

ஊரையும் பேரையும் விசாரித்தல், பழைய பாடக் குறிப்புகளைக் கொடுத்துதவுதல், ஆசிரியர் முன்னிலையில் வரவேற்பு விழா நடத்துதல் ஆகியவை ராகிங் ஆகா. புதியவர் அச்சமின்றி “வேண்டாம்” என்று கூறி விலக இயலுமா என்பதே வேறுபாட்டைக் காட்டும் எளிய சோதனை.

செய்ய வேண்டுவன

பாதிக்கப்பட்டவரே புகார் செய்ய வேண்டும் என்பதில்லை, பெற்றோரும் செய்யலாம். 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இதற்கென உள்ளது. குற்றத்திற்கு முகாந்திரம் இருப்பின் நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்திற்குள் காவல் துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாகச் செய்ய வேண்டும். முதல் மூன்று மாதங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை, பெயர் குறிப்பிடாமல் புதிய மாணவரிடம் கருத்தறியவும் விதிமுறைகள் பணிக்கின்றன. அஞ்சி வாய் திறவாத மாணவரின் குறையை நிருவாகம் அறிவதற்கு இதுவே வழி. இக்கருத்தறிதலைச் சடங்காக்காமல் முறையாக நடத்தும் கல்லூரியிலேயே சட்டம் உயிர் பெறும்.